ஊர் என்றால் யார்?

(வாலிபர் சங்கம் ஒன்றின் ஆண்டுக் கூட்டத்தில், சமுதாயப் பணியும் சமுதாய வளர்ச்சியும் என்ற பொருள்பற்றிப் பேசியதன் சாரம்)



சமுதாய வளர்ச்சி என்னும் விஷயத்தைப்பற்றி இன்று நம்மைப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். இந்த விஷயத்தைக் காலேஜுகளில் இரண்டு வருஷம் மூன்று வருஷம் வைத்துப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். நாம் அப்படிப் படித்தவரல்ல. கைக்குக் கிடைத்த புத்தகங்களையும், நாட்டில் நடந்திருக்கிற காரியங்களையும் வைத்துக்கொண்டு யோசித்துப் பார்த்ததில் நமக்குத் தோன்றியதைச் சொல்லப் போகிறோம். நாம் சொல்லுவதை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

முதலில் இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஊருக்கு உழைக்கிற மகான்கள் யாரோ உண்டாக்கிய பெயர் இது என்று நீங்கள் நினைக்கக்கூடும். 1948-ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில், ஆப்பிரிக்க நாடுகளை ஆண்டுகொண்டிருந்த வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் ஒரு மகாநாடு கூடினார்கள். அதற்குமுன் 'ஜனங்களுக்குப் பொதுக்கல்வி' என்று அவர்கள் சொல்லிவந்த காரியத்துக்கு அங்கேதான் 'சமுதாய வளர்ச்சி' என்று பெயர் மாற்றி வைத்தார்கள். ஜனங்களுடைய சம்மதத்தோடும் உழைப்போடும் ரோடு, கிணறு, பள்ளிக்கூடம் முதலியவை நடக்கவேண்டும் என்பது அதன் கருத்து. நல்ல கருத்துத்தான். ஆனால், யார் ஆட்சியில் யார் சம்மதம் என்கிற கேள்வியை அந்த மகாநாடு எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால் எழுப்பியவர்களுடைய உத்தியோகமே போயிருக்கும்!

நிற்க, இந்தத் தத்துவத்தின் ஆணிவேர் என்னவென்றால், ஊர் என்பது ஒன்று என்பதாகும். ஊர் ஒரு குடும்பம். குடும்பத்தார் சேர்ந்து உழைத்தால் குடும்பம் முன்னுக்கு வரும். ஆகவே ஊரார் சேர்ந்து உழைத்தால் ஊர் முன்னுக்கு வரும். கேட்பதற்கு எவ்வளவு இனிப்பாக இருக்கிறது! நம் நாட்டிலும் 'ஊர் கூடித் தேர் இழுப்பது' என்று ஒற்றுமைக்கு உதாரணம் சொல்லுவார்கள். நாமும் அந்தத் தேரையே எடுத்துக்கொள்ளுவோம். வடம் பிடித்து வேர்வை சிந்துகிறவன் யார்? தேர்மேல் உட்கார்ந்து வருகிறவன் யார்? முதல் மரியாதையும் மாலையும் வாங்கிக்கொள்ளுகிறவன் யார்? அந்தத் தேர் எந்தெந்தத் தெருவுக்குள் போகும், எந்தத் தெருவின் முனையைக்கூட எட்டிப்பாராமல் திரும்பிவிடும்? இவ்வளவையும் பார்த்தபிறகு, ஊர் கூடித் தேர் இழுத்தது என்று சொல்லுவதில் ஊர் என்பது யார் என்று நீங்களே சொல்லுங்கள். நம் பாஷையிலேயே ஊர் என்றும் சேரி என்றும் இரண்டு வார்த்தைகள் தனித்தனியாக இருக்கின்றன. இப்படி இருக்க, 'ஊரே சேர்ந்து செய்தது' என்று ஒருவர் ரிப்போர்ட்டு எழுதினால் அதில் சேரி சேர்ந்ததா இல்லையா என்று கேட்பது துவேஷமாகுமா?

இனி இந்தியாவில் நடந்ததைப் பார்ப்போம். 1948-ல் ஐக்கிய மாகாணத்து எட்டாவா ஜில்லாவில், ஆல்பர்ட் மேயர் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞரின் யோசனைப்படி சில கிராமங்களில் பரீட்சையாக வேலை ஆரம்பித்தார்கள். அந்த வேலை பெயரெடுத்தது. அதன்பேரில் 1952-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி நாடு முழுவதிலும் 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. ஒவ்வோரிடத்திலும் ஏறக்குறைய 300 கிராமங்கள், 2 லட்சம் ஜனங்கள். அமெரிக்க சர்க்காரும் போர்டு பவுண்டேஷன் என்னும் அமெரிக்க தர்ம ஸ்தாபனமும் உதவி செய்தன. அடுத்த வருஷமே விஸ்தரிப்பு; 1956-ல் இதற்கென்று தனி மந்திரி இலாகா; 1960-களின் நடுவில் 5,000-க்கு மேற்பட்ட வட்டாரங்களாக இந்தியாவில் திட்டம் போகாத கிராமமே இல்லை என்று சொல்லும்படி ஆயிற்று. இன்றைக்கும் நாம் 'பி.டி.ஓ. ஆபீஸ்' என்று சொல்லுகிறோமே, அந்த ஆபீஸ் இந்தத் திட்டம் பெற்ற பிள்ளைதான்.

இத்திட்டத்தில் கிராமத்துக்கு நேரே வந்து நிற்கிறவர் கிராம சேவக். ஏறக்குறைய பத்துக் கிராமங்களுக்கு ஒருவர். விவசாயம், மாடு, சுகாதாரம், பள்ளிக்கூடம், கூட்டுறவு இவ்வளவுக்கும் அவர் ஒருவரே. அவர் சைக்கிளில் வந்து இறங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் வீட்டுத் திண்ணையில் உட்காருவார்? யார் வீட்டில் மோர் சாப்பிடுவார்? புது விதை இருக்கிறது, உரம் இருக்கிறது என்று யாரிடம் முதலில் சொல்லுவார்? நிலம் இருக்கிறவனிடந்தான் சொல்ல முடியும். நிலமில்லாதவனுக்கு விதையைக் கொடுத்தால் அவன் அதை எங்கே விதைப்பான், தலையிலா? ஆகவே, கிராம சேவக் எவ்வளவு யோக்கியராய் இருந்தாலும் அவர் கொண்டுவந்த பொருள் போய்ச் சேரவேண்டிய இடம் முன்னமேயே தீர்மானமாகிவிட்டது. அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. பள்ளத்தைப் பார்த்துத்தான் தண்ணீர் ஓடும் என்பார்கள். இந்தத் தண்ணீரோ மேட்டைப் பார்த்தே ஓடிற்று.

இது நம்முடைய கற்பனையல்ல. எஸ். சி. தூபே என்னும் சமூக ஆராய்ச்சிக்காரர் உத்தரப் பிரதேசத்தில் இந்தத் திட்டம் நடந்த கிராமங்களில் இருந்து பார்த்து 1958-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் அவர் 'சிரமதானம்' என்பதைப்பற்றி எழுதியிருப்பது கவனிக்கத்தக்கது. சிரமதானம் என்றால் உழைப்பைத் தானமாகக் கொடுப்பது. ரோடு போட ஊரார் கூலியில்லாமல் மண் சுமக்கவேண்டும். மேல்ஜாதிப் பெரியவர்கள் வந்து மேற்பார்வை செய்து யோசனை சொன்னார்கள். மண் சுமந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகளும் கீழ்ஜாதியார் என்று சொல்லப்பட்டவர்களுமே. ரோடு போட்டான பிறகு அதன்மேல் சுகமாகப் போனது யாருடைய வண்டி? மாட்டுவண்டி வைத்திருக்கிற பெரிய விவசாயியின் வண்டி. மண் சுமந்தவனுக்கு வண்டியும் இல்லை, வண்டியில் ஏற்ற மூட்டையும் இல்லை. மேலும் அன்றைக்கு அவனுக்குக் கூலி நஷ்டம். அதனால் அந்த ஜனங்கள் இந்தச் சிரமதானத்தைப் பழைய வெட்டிவேலையின் புதுப்பெயர் என்றே எடுத்துக்கொண்டார்களாம். எழுத்து வாசனையில்லாத அந்த ஜனங்களுக்கு, டில்லியில் திட்டம் போட்ட மேதாவிகளைவிட, விஷயம் சீக்கிரம் விளங்கிவிட்டது.

நம் பக்கத்திலும் குடிமராமத்து என்பதைப்பற்றி ஏதோ பொற்காலத்து வழக்கம்போலப் பேசுகிறவர்கள் உண்டு. ஏரி, வாய்க்கால்களை ஊராரே மனமுவந்து பழுது பார்த்துக்கொண்டார்களாம். மனமுவந்து செய்தார்கள் என்றால், 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒரு சட்டம் எதற்காக வந்தது? மனமுவந்து சாப்பிடுகிறவனுக்குச் சோறு தின்னச் சட்டம் போடுவார்களா? ஏரி பழுது பார்ப்பது வேண்டாம் என்பதல்ல நம் வாதம். ஏரி தூர்ந்தால் முதலில் பட்டினி கிடப்பவன் கூலிக்காரனே. ஏரியில் தண்ணீர் நின்றால் யார் வயலுக்கு எவ்வளவு பாயும் என்பதற்குத் தக்கபடி உழைப்பும் செலவும் பங்கிடப்படவேண்டும் என்பதே நம் வாதம்.

1957-ல் பல்வந்தராய் மேத்தா கமிட்டி என்று ஒன்று இந்தத் திட்டத்தைப் பரிசோதித்தது. ஜனங்களுடைய ஊக்கம் கிளம்பவில்லை என்று அது ஒப்புக்கொண்டது. அதற்குக் கண்டுபிடித்த மருந்து என்ன? தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்துகள் மூன்று அடுக்காக இருக்கவேண்டும், அதிகாரம் அவற்றினிடம் போகவேண்டும் என்பது. இது சரியான மருந்துதான் என்று நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் மருந்தைக் குடிக்கிறவன் யார், குப்பியைக் கையில் வைத்திருப்பவன் யார் என்பதே மறுபடியும் கேள்வி. 1993-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தத்தால் தாழ்த்தப்பட்டோருக்கும் பெண்களுக்கும் ஸ்தானங்கள் ஒதுக்கப்பட்டன. அப்போதுதான் ஊர் என்றால் யார் என்பது பட்டப்பகலில் வெளிச்சமாயிற்று. மதுரை ஜில்லா மேலவளவில், தனித்தொகுதியில் ஜெயித்து ஊராட்சித் தலைவரான முருகேசன் அவர்களையும் அவரோடு போனவர்களையும் 1997 ஜூன் 30-ந் தேதி பஸ்ஸில் போகும்போது மறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி முதலிய ஊர்களில் 1996 முதல் 2006 வரையில் பத்து வருஷ காலம் தனித்தொகுதித் தேர்தலையே நடக்கவிடாமல் செய்தார்கள். இந்தப் பத்து வருஷமும் அந்த ஊர்களில் 'ஊர்க் கட்டுப்பாடு' இருந்தது, 'ஒற்றுமை' இருந்தது என்பதைக் கவனியுங்கள். ஒற்றுமை என்பது எதற்கெல்லாம் உபயோகப்படுகிறது பாருங்கள்!

பெண்கள் விஷயமும் இப்படியே. நம் மாகாணத்தில் 2016-ல் செய்த சட்டத்தால் பாதி ஸ்தானங்கள் பெண்களுக்கு என்று ஆகிவிட்டது. ஆனால் தலைவியம்மாள் கையெழுத்துப் போட, அவருடைய புருஷன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை நாம் பார்க்கவில்லையா? இதைப்பற்றித் தனியாகவே ஒரு நாள் பேசவேண்டும்.

இந்த வித்தியாசங்களை அளந்து பார்ப்பதற்கு நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது. 1969-ல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்னும் அமெரிக்க அம்மையார் ஜனங்களின் பங்கு என்பதை எட்டுப் படியுள்ள ஓர் ஏணியாக எழுதிக் காட்டினார். அடியிலுள்ள இரண்டு படிகளில் ஜனங்களுக்குப் பங்கே கிடையாது. அவர்களைத் தங்கள் இஷ்டப்படி ஆட்டிவைப்பதும், அவர்களுக்கு ஏதோ வியாதி இருப்பதாகப் பாவித்துத் திருத்தப் பார்ப்பதும் மட்டுமே. நடுவிலுள்ள மூன்று படிகளில் ஜனங்களுக்குச் சங்கதி சொல்லுவார்கள், அபிப்பிராயம் கேட்பார்கள், இரண்டொருவரைக் கமிட்டியில் போட்டுச் சமாதானப்படுத்துவார்கள். முடிவு மட்டும் வேறு இடத்தில். மேலே உள்ள மூன்று படிகளில்தான் அதிகாரம் ஜனங்களிடம் வருகிறது. நம் ஊரில் நடக்கிற எந்தக் கூட்டத்துக்கும் இந்த ஏணியைக் கொண்டுபோய்ச் சாத்திப் பாருங்கள். பெரும்பாலும் நாலாவது படிக்குமேல் ஏணியில் புழுதி படிந்திருக்கும்.

'எல்லாவற்றையும் குறையாகவே சொல்லுகிறாயே, சரியாக நடந்த இடம் ஒன்றுமே இல்லையா?' என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறோம். அது நம் தேசத்தில் இல்லை. பாகிஸ்தானில் கராச்சி நகரத்தின் வடமேற்கில் ஒராங்கி என்னும் இடத்தில் இருக்கிறது. லட்சக்கணக்கான ஏழைத் தொழிலாளிகள் பட்டா இல்லாத நிலத்தில் தாங்களே வீடு கட்டிக் குடியேறிய இடம். வீடு இருந்தது, சாக்கடை இல்லை. கக்கூஸ் தண்ணீர் சந்தில் ஓடும். அதில் குழந்தைகள் விளையாடும். குழந்தைக்குப் பேதி கண்டால் வைத்தியனுக்கும் தாயத்துக்கும் பணம் போகும். 1980-ல் அங்கே அக்தர் ஹமீத் கான் என்கிற ஒரு கிழவர் வந்தார். கிழவர் என்று நாம் அலட்சியமாகச் சொல்லவில்லை. அவருக்கு அப்போது ஏறக்குறைய 66 வயது. வெள்ளைக்காரன் காலத்து ஐ.சி.எஸ். உத்தியோகத்தை 1945-ல் உதறிவிட்டு, அலிகார் பக்கத்துக் கிராமத்தில் கூலியாளாகவும் பூட்டுத் தொழிலாளியாகவும் வேலை செய்து பார்த்தவர். பிற்பாடு கிழக்கு வங்காளத்தில் கோமில்லா என்னுமிடத்தில் 1959 முதல் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களை நடத்திப் பேர் பெற்றவர்.

அவர் ஒராங்கிக்கு வந்தவுடன் திட்டம் ஒன்றும் அறிவிக்கவில்லை. சந்து சந்தாக நடந்தார்; கேட்டார்; கேட்டுக்கொண்டே இருந்தார். ஜனங்கள் சாக்கடை வேண்டும் என்றார்கள். ஆனால் அது சர்க்கார் இனாமாகச் செய்துதர வேண்டியது என்றார்கள். ஏன் ஜனங்களே செய்துகொள்ள முடியவில்லை என்று ஆராய்ந்ததில் அவர் நான்கு தடைகளைக் கண்டார். இனாமாக வரும் என்று காத்திருப்பது மனத்தடை. செலவு தாங்காது என்பது பணத்தடை. சேர்ந்து செய்ய அமைப்பு இல்லை என்பது மூன்றாவது. மட்டம் பார்க்கவும் குழாய் பதிக்கவும் தெரியாது என்பது நான்காவது. தோழர்களே! இதில் ஒரு விசேஷத்தைப் பாருங்கள். ஜனங்கள் சோம்பேறிகள், அசுத்தமானவர்கள், படிக்காதவர்கள் என்பது இந்த நான்கில் ஒன்றாகக்கூட இல்லை. நம் நாட்டு 'கிராம சேவை'ப் பிரசங்கங்களில் அதுதானே முதல் தடையாகச் சொல்லப்படுகிறது!

பிறகு ஒவ்வொரு தடையாக உடைத்தார்கள். ஊர் முழுவதையும் ஒரு சங்கமாகக் கூட்டவில்லை. ஒரு சந்து, அதாவது இருபது முப்பது வீடு, அதுதான் அமைப்பு. அங்கே ஒருவன் முகம் ஒருவனுக்குத் தெரியும். யார் பணம் கொடுத்தான், யார் கொடுக்கவில்லை என்பது மறைக்க முடியாது. பணம் காணாமற்போனால் எடுத்தவன் மறுநாள் அந்தச் சந்தில் நடக்க முடியாது. சந்துக்காரர்களே தங்களுக்குள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் விண்ணப்பம் கொடுத்தால் கானின் ஆட்கள் வந்து அளந்து, மட்டம் பார்த்து, படம் போட்டு, செலவுக் கணக்கு எழுதிக் கொடுப்பார்கள். கருவிகளை இரவல் கொடுப்பார்கள். பணத்தை மட்டும் தொடமாட்டார்கள். வசூல் செய்வது, சாமான் வாங்குவது, வேலை செய்விப்பது எல்லாம் சந்துக்காரர்களே. காண்ட்ராக்டர் லாபமும், அவர் கொடுக்கவேண்டிய மாமூலும் ஒழிந்தன; படத்தையும் சாமானையும் சுலபமாக்கினார்கள்; சர்க்கார் செய்தால் ஆகக்கூடிய செலவில் ஒரு சிறு பங்கில் வேலை முடிந்தது. ஒரு சந்தைப் பார்த்து அடுத்த சந்து. இப்படியாக ஏறக்குறைய ஒரு லட்சம் வீடுகளுக்குக் கக்கூஸும் சாக்கடையும் அந்த ஜனங்களின் சொந்தப் பணத்தில் வந்தன.

இங்கே புத்திசாலிகளான தோழர்களுக்கு ஓர் ஆட்சேபனை தோன்றும். ஏழையே செலவு செய்து சாக்கடை போட்டுக்கொள்ளுவதானால் சர்க்கார் வரி வாங்குவது எதற்கு? பணக்காரத் தெருவில் சர்க்கார் சாக்கடை, ஏழைத் தெருவில் சொந்தச் சாக்கடையா? நியாயமான கேள்வி. இதற்கு ஒராங்கிக்காரர்கள் ஒரு கோடு கிழித்துப் பதில் சொன்னார்கள். வீட்டுக் கக்கூஸ், சந்துச் சாக்கடை, அது போய்ச் சேரும் கிளைச் சாக்கடை இவை எங்கள் பொறுப்பு. பெரிய பிரதான சாக்கடையும் கழிவுநீரைச் சுத்தப்படுத்தும் நிலையமும் உங்கள் பொறுப்பு, அதை நீங்கள் செய்தே ஆகவேண்டும் என்று சர்க்காரைக் கேட்டார்கள். தன் பங்கைச் செய்துவிட்டு, கையில் படமும் கணக்கும் வைத்துக்கொண்டு கேட்கிறவனை ஆபீசிலிருந்து விரட்டுவது கஷ்டம். வெறும் மனுவோடு போகிறவனுக்கும் இவனுக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்கள் தாலூகா ஆபீசில் பார்த்திருப்பீர்கள். என்றாலும், ஆயிரம் ரூபாய்கூடப் புரட்ட முடியாத வீட்டுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்த முறையில் முழுப்பதில் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

இதையும் ஒரு புராணமாக்கிவிடக்கூடாது என்பதற்காக மற்றதையும் சொல்லிவிடுகிறோம். சந்துகள் சேர்ந்து சாக்கடை போட்டதனாலேயே ஒராங்கியில் இனச்சண்டை நின்றுவிடவில்லை. 1986 டிசம்பரில் அங்கேயே பயங்கரமான படுகொலை நடந்தது. கானையும் சும்மா விடவில்லை. கடைசிக் காலத்தில் அவர்மேல் மதநிந்தனைக் குற்றம் சாட்டி வழக்குப் போட்டார்கள். அவர் 1999-ல் இறந்தார். அவருக்குப்பின் அந்த வேலையை நடத்திய பர்வீன் ரஹ்மான் அம்மையார் ஒரு கட்டடக் கலைஞர். நகரின் தண்ணீர் எப்படித் திருடப்படுகிறது, ஓரத்துக் கிராமங்களின் நிலம் எப்படிப் பறிபோகிறது என்பதையெல்லாம் படம் போட்டுக் கணக்கெடுத்தார். அவரை 2013 மார்ச்சு 13-ந் தேதி சுட்டுக் கொன்றுவிட்டார்கள். குழாய் பதிக்கும்வரையில் பாராட்டுவார்கள். தண்ணீர் யாருடையது, நிலம் யாருடையது என்று கேட்கும்போது துப்பாக்கி வருகிறது. மேலவளவில் அரிவாள், அங்கே துப்பாக்கி.

சிலர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்கள். முதல் சீட்டு: 'எங்கள் ஊரில் ரோடு போட வீட்டுக்கு ஓர் ஆள், ஒரு நாள் வேலை என்று கேட்கிறார்கள். போகலாமா, கூடாதா?'

போவதற்குமுன் ஊர்க்கூட்டத்தில் எழுந்து மூன்று விஷயம் கேளுங்கள். ரோடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது? சேரிக்கு முன்னால் முடிகிறதென்றால் வேலையும் அங்கேயே முடியட்டும். இரண்டாவது, வரவுசெலவுக் கணக்கு யாரிடம் இருக்கும், எந்த நாளில் எந்த இடத்தில் படித்துக் காட்டுவார்கள்? மூன்றாவது, வீட்டுக்கு ஓர் ஆள் என்பது என்ன கணக்கு? பத்து ஏக்கர்க்காரன் வீடும் ஒரு வீடு, தினக்கூலிக்காரன் வீடும் ஒரு வீடா? ஒருவனுக்கு ஒரு நாள் என்பது வேடிக்கை. மற்றவனுக்கு அன்றைய அடுப்பு. ஏக்கருக்கு இவ்வளவு ஆள் என்று வையுங்கள். தினக்கூலிக்காரனுக்குக் கூலி கொடுங்கள் என்று சொல்லுங்கள். இவற்றுக்குப் பதில் சொன்னால் தாராளமாகப் போகலாம். நாமும் ஒரு மண்வெட்டி கொண்டுவருகிறோம். பொதுக்காரியத்தில் கணக்குக் கேட்கக்கூடாது என்று சொன்னால் வீட்டிலேயே இருங்கள்.

இரண்டாவது சீட்டு: 'கிராம சபைக்குப் போனால் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். என்ன செய்வது?'

நம் மாகாணத்தில் 2022 முதல் வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. ஒருவராகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள், பத்தில் ஐந்து பேராவது பெண்களாக இருக்கட்டும். தீர்மானத்தை எழுதி முடித்து உரக்கப் படித்தபிறகே கையெழுத்து என்று சொல்லுங்கள். வெறும் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். போடச் சொன்னால் அந்தப் பக்கத்தின் குறுக்கே கோடு கிழித்து, 'இதற்குமேல் எதுவும் எழுதப்படவில்லை' என்று எழுதி, அதன்கீழ்க் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னும் நாலைந்து சீட்டுகள் இருக்கின்றன. வெளியூர்த் தோழர்கள் கடைசி பஸ்ஸுக்குப் போகவேண்டும் என்று தலைவர் மணியைக் காட்டுகிறார். இவற்றுக்கு அடுத்த வாரப் பத்திரிகையில் எழுதுகிறோம்.